ஜன்னல் வழியே வந்த பை

போன மாதம் கண்டிக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைத்தது. பக்கத்தில் ஒரு பிள்ளை நின்றுகொண்டு வந்தாள். கம்பஸில் படிக்கிற பிள்ளையாக இருக்க வேண்டும், முதுகில் பெரிய பை. ஒவ்வொரு வளைவிலும் அந்தப் பை அவளைப் பின்னுக்கு இழுத்தது. நான் யோசிக்காமல் இரண்டு கைகளையும் நீட்டிவிட்டேன். அவள் திடுக்கிட்டுப் பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"பரவால்ல அங்கிள்."

மரியாதையாகத்தான் சொன்னாள். ஆனால் நீட்டிய கைகளை நான் என்ன செய்வது? சும்மா மடக்கிக்கொள்ள வெட்கமாக இருந்தது. முழங்காலில் தூசி ஒட்டியிருப்பது போல இரண்டு தட்டுத் தட்டினேன். பிறகு இன்னும் இரண்டு. ஐம்பது வயது தாண்டிய ஆள் எவ்வளவு நேரம்தான் தூசி தட்டிக்கொண்டிருக்க முடியும்?

அந்தப் பையிலிருந்து சோற்றுப் பார்சலின் வாசனை வந்துகொண்டிருந்தது. பருப்பு, பொரித்த மிளகாய், சூட்டில் வதங்கிய வாழையிலை. இப்போது எல்லோரும் பொலித்தீன் தாளில்தான் சோறு சுற்றுகிறார்கள். அந்தப் பிள்ளையின் வீட்டில் யாரோ காலையிலேயே எழுந்து இலையை நெருப்பில் வாட்டியிருக்கிறார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் என் மடி கனக்க ஆரம்பித்தது. பொய் சொல்லவில்லை. மடியில் ஒன்றுமே இல்லை, ஆனாலும் கனத்தது.

உங்களுக்கும் நினைவிருக்கும். அந்தக் காலத்தில் பஸ்ஸில் இருக்கை கிடைத்தவர், நிற்பவரின் பையை வாங்கி மடியில் வைத்துக்கொள்வார். யாரும் கேட்க வேண்டியதில்லை. நிற்பவர் பையை லேசாகச் சாய்ப்பார், இருப்பவர் கையை நீட்டுவார், அவ்வளவுதான். இறங்கும்போது அவர் பையை எடுத்துக்கொண்டு போய்விடுவார். நன்றி சொல்கிற வழக்கம்கூடக் கிடையாது. மூச்சு விடுவதற்கு யாராவது நன்றி சொல்வார்களா?

இந்த வழக்கம் என்னைப் போன்ற ஒருவனுக்காகவே ஏற்பட்டது போல இருந்தது. நான் அவ்வளவு கூச்சக்காரன். ஒரு தடவை நான் இறங்க வேண்டிய இடம் வந்தபோது மணி அடிக்கச் சொல்ல வாய் வராமல், அடுத்த தரிப்பு வரை போய், மழையில் ஒரு மைல் திரும்பி நடந்திருக்கிறேன். கடையில் ஒரு அளவு செருப்புக் கேட்டு வேறு அளவைத் தந்தால் பேசாமல் வாங்கிவந்து, விரல்களை மடக்கி ஒரு வருடம் போட்டு நடந்திருக்கிறேன். அப்படிப்பட்டவன் ஒரு வார்த்தையும் பேசாமல் மற்றவருக்குச் செய்யக்கூடிய உதவி உலகத்திலேயே இது ஒன்றுதான். கையை நீட்டினால் போதும்.

எங்கள் வீடு ரிவர்ஸ்டன் போகிற பாதையில், ரத்தோட்டைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தது. சாதாரணதரப் பரீட்சையில் கணக்கு என்னைக் கைவிட்டதும், மாத்தளையில் ஒரு முஸ்லிம் முதலாளியின் சரக்குக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். கராம்பு, மிளகு, சாதிக்காய் எல்லாம் வாங்கிக் காயவைத்துச் சலித்துத் தரம் பிரிக்கிற கடை. தினமும் விடிந்ததும் தோட்டத்திலிருந்து இறங்கி ரத்தோட்டைக்கு நடந்து வருவேன். அங்கேதான் மாத்தளை பஸ் புறப்படும். ஆகவே எனக்கு எப்போதும் இருக்கை உண்டு. இடது பக்கம், மூன்றாவது வரிசை, ஜன்னலோரம்.

பஸ் இரண்டாவது தரிப்பைத் தாண்டுவதற்குள் என் மடி நிரம்பிவிடும். கீழே பள்ளிக்கூடப் பைகள், அதற்கு மேல் சோற்றுப் பைகள், அதற்கு மேல் குடைகள். குவியல் தாடை வரை வரும். அதற்கும் மேலே, எல்லாவற்றுக்கும் சிகரமாக, ஒரு முட்டைக் கூடை. கூடைக்குச் சொந்தக்காரர் ஒரு முஸ்லிம் வியாபாரி. நாங்கள் எல்லோரும் அவரை முட்டை நானா, அதாவது முட்டை அண்ணன், என்போம். அவர் கூடையை வைக்கும்போது ஒவ்வொரு நாளும் ஏதாவது சொல்வார்.

"மகன், மூச்சையும் கொஞ்சம் மெதுவா விடுங்க. முட்டை பயந்துரும்."

நான் சிரிப்பேன். பதில் சொல்லத் தெரியாது. ஆனால் உண்மையிலேயே மூச்சை மெதுவாக விடுவேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நான் யாருடைய முகத்தையும் பார்ப்பதில்லை. முகத்தைப் பார்த்தால் பேச வேண்டி வருமே என்று பயம். ஆகவே எனக்குத் தெரிந்ததெல்லாம் கைகள்தான். சோக்குத் தூள் ஒட்டிய விரலும் கறுப்பு வார்க் கடிகாரமும் என்றால் டவுன் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற சிங்கள டீச்சர். பச்சைக்கல் மோதிரம் என்றால் நானா. மூன்று வருடம் இப்படியே போனது. அவர்களுக்கும் என்னை மடியாகத்தான் தெரியும் என்று நினைக்கிறேன்.

இதெல்லாம் சண்டைக் காலத்தில் நடந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பஸ்ஸுக்குள் ஓட்டுனரின் தலைக்கு மேல், இருக்கைக்குக் கீழே பாருங்கள், யாருடையது என்று தெரியாத பொதிகளைத் தொடாதீர்கள் என்று மூன்று மொழியிலும் ஒட்டியிருந்தார்கள். கொழும்பிலோ வேறெங்கோ குண்டு வெடித்தால் ஒரு வாரத்துக்கு எல்லோரும் அந்த அறிவித்தலை ஒழுங்காகப் படிப்பார்கள். படித்துக்கொண்டே பையை என் மடியில் வைப்பார்கள். பழக்கத்தை ஒரு துண்டுக் காகிதத்தால் மாற்ற முடியுமா?

அன்றைக்கு எங்களுக்கு முந்திய பஸ் வரவில்லை. இரண்டு பஸ்ஸுக்குரிய சனம் ஒரே பஸ்ஸில் ஏறியது. நிற்கவும் இடமில்லாமல் ஆட்கள் ஒரு காலில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். ரத்தோட்டை ஸ்டாண்டிலிருந்து புறப்படும் நேரம் என் ஜன்னல் வழியாக ஒரு பை உள்ளே வந்தது. மண்ணிறத் தோல் பை. அதைத் தூக்கிப் பிடித்திருந்த கையின் மணிக்கட்டில் வெற்றிலை வடிவத்தில் ஒரு பழைய தீக்காயம். அதற்கு மேலே பன்சலையில் பிக்கு கட்டிவிடுகிற நூல்.

"மல்லி, மேக்க பொட்டக் அல்லகன்ன."

தம்பி, இதைக் கொஞ்சம் பிடி என்கிறாள். அதுவும் அந்தக் காலத்தில் சாதாரணம். சுமையோடு கூட்டத்தில் ஏற முடியாதவர்கள் முதலில் பையை ஜன்னல் வழியே கொடுத்துவிட்டு, பிறகு வெறுங்கையோடு வாசலுக்கு ஓடி வந்து முட்டி மோதி ஏறுவார்கள். நான் பையை வாங்கினேன். நல்ல கனம். கை மறைந்தது. கண்டக்டர் இரண்டு மணி அடித்தார், பஸ் புறப்பட்டது. அவள் பின்னால் எங்கோ ஏறியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு நான் நானாவின் முட்டைகளைக் கவனிக்க ஆரம்பித்தேன்.

நகரத்துக்கு முன்னால் ஒரு வளைவில் ஆர்மியின் சோதனைச் சாவடி இருந்தது. பஸ் நிற்கும். எல்லோரும் தங்கள் தங்கள் பையோடு இறங்கி, மண் மூட்டைகளுக்கு நடுவே வரிசையாக நடந்து, அடையாள அட்டையைக் காட்டி, அந்தப் பக்கம் போய் மறுபடி ஏற வேண்டும். அன்றும் என் மடியிலிருந்து ஒவ்வொரு கையாக வந்து ஒவ்வொரு பையாக எடுத்துக்கொண்டு போனது. கடைசியில் அந்த மண்ணிறப் பை மட்டும் மிஞ்சியது.

இந்த இடத்தில் ஒரே ஒரு வசனம் சத்தமாகச் சொல்லியிருந்தால் போதும். "இது யாரு பை?" அவ்வளவுதான். மற்றதைக் கண்டக்டர் பார்த்துக்கொண்டிருப்பார். ஆனால் அறுபது எழுபது பேருக்கு நடுவில் சத்தம் போட எனக்கு வாய் வரவில்லை. கீழே இறங்கினால் அவளே வந்து வாங்கிக்கொள்வாள் என்று நினைத்துப் பையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றேன். யாரும் வரவில்லை. என் முறை வந்துவிட்டது.

அங்கே பேசியதெல்லாம் சிங்களத்தில். எனக்கு நினைவிருக்கிற மாதிரித் தமிழில் சொல்கிறேன்.

"உன்னோட பையா?" என்று சிப்பாய் கேட்டார்.

"இல்ல சேர்."

"அப்ப யாரோடது?"

"தெரியாது சேர்."

அந்த நாட்களில் இதைவிட மோசமான இரண்டு பதில்களை ஒன்றன் பின் ஒன்றாக யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சிப்பாய் மூன்றடி பின்னால் போனார். வேறொருவர் பையைக் கீழே வைக்கச் சொல்லிக் கத்தினார். முட்டைக் கூடையை இறக்குவது போல மெதுவாக வைத்தேன். கையைத் தலையில் வைக்கச் சொன்னார்கள். சனம் எல்லாம் விலகி ஓடியது. ஒருவர் நீண்ட கம்பால் பையை மெல்லத் தட்டினார். உள்ளேயிருந்து 'டங்' என்று உலோகச் சத்தம் வந்தது.

இளம் அதிகாரி ஒருவர் வந்தார். என் வயதுதான் இருக்கும், சரியாகத் தூங்காத கண்கள். என் அட்டையை வாங்கிப் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் இரண்டு முறை படித்தார்.

"பை குடுத்த ஆள் எப்படி இருப்பா?"

"முகத்த பாக்கல்ல சேர். கைய மட்டுந்தான் பாத்தேன்."

பின்னால் நின்ற ஒரு சிப்பாய் சிரித்துவிட்டார். அதிகாரி சிரிக்கவில்லை. ஜீப்பைத் திருப்பி நிறுத்தச் சொன்னார்.

அந்த ஜீப்பைப் பார்த்ததும் எங்கள் தோட்டத்து அண்ணன் ஒருவரின் நினைவு வந்தது. முந்தைய வருடம் அவரை இப்படித்தான் ஏற்றிக்கொண்டு போனார்கள். விசாரித்துவிட்டு அனுப்புவோம் என்றார்கள். எட்டு மாதம் அவருடைய அம்மா ஒவ்வொரு முகாம் வாசலாகப் போய் நின்றார். திரும்பி வந்த அண்ணன் அதற்குப் பிறகு டவுனுக்குப் போனதே இல்லை. ஜீப்பில் ஏறினால் என் கதையும் அதுதான் என்று எனக்குத் தெரியும். என் அம்மா எந்த முகாமுக்கு எந்த பஸ்ஸில் போவார் என்றெல்லாம் யோசித்தேன். அவருக்குச் சிங்களம் வராது.

பஸ்காரர்களைப் போகச் சொல்லிவிட்டார்கள். கண்டக்டர் எல்லோரையும் ஏற்றிக்கொண்டிருந்தார். டீச்சர் மட்டும் ஏறவில்லை.

"டீச்சர், வாங்க. நேரம் போச்சு. சிவப்புக் கோடு போட்டுருவாங்க." நேரம் கடந்ததும் பள்ளிக்கூடத்து வரவுப் புத்தகத்தில் அதிபர் இழுக்கிற கோட்டைத்தான் சொன்னார்.

"போடட்டும்" என்று சொல்லிவிட்டு டீச்சர் குடையை ஊன்றிக்கொண்டு நேராக அதிகாரியிடம் வந்தார்.

"இந்தத் தம்பிய எனக்குத் தெரியும்."

"பேர் என்ன?" என்று அதிகாரி கேட்டார்.

டீச்சர் என்னைப் பார்த்தார். நானும் அப்போதுதான் முதல் தடவையாக அவருடைய முகத்தைப் பார்த்தேன். வட்ட முகம், மூக்குக்கண்ணாடி. கையைப் பார்த்து நான் நினைத்திருந்ததைவிட வயதானவர்.

"பேர் தெரியாது" என்றார்.

"எங்க வேலை செய்றான்?"

"அதுவும் தெரியாது."

"அப்ப என்னதான் தெரியும் உங்களுக்கு?"

"மூணு வருஷமா என் பைய இவர்தான் வச்சிருக்கார். என் சம்பளம் இருந்த பை. பிள்ளைகளோட பரீட்சைத் தாள் இருந்த பை. ஒரு நாளாவது நான் திறந்து சரி பாத்ததில்ல."

"மூணு வருஷமா பேர் கேக்கலியா நீங்க?"

"இல்ல" என்றார் டீச்சர். அவருடைய முகம் சிவந்துவிட்டது. "கேக்கத் தோணல்ல."

பொய் சொல்லியிருக்கலாம். ஏதாவது ஒரு பெயரைச் சொல்லி மாட்டிக்கொண்டும் இருக்கலாம். உள்ளதை உள்ளபடி சொன்னார். அதற்குள் நானா கூடையோடு வந்து சேர்ந்துவிட்டார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

"மாத்தயா, ஒண்ணு செல்லட்டுமா. எண்ட முட்டைய ஒவ்வொரு நாளும் இந்தப் புள்ளதான் மடியில வச்சிக்கிட்டு வாறது. இந்த ரோட்டு எப்படின்னு உங்களுக்குத் தெரியும். ஒரு முட்டை ஒடஞ்சதில்ல. முட்டைக்கே இப்படிப் பயப்படுறவன், குண்டு வைப்பானா?"

அதிகாரியின் வாய் ஓரம் லேசாக அசைந்தது. ஆனாலும் ஜீப் போகவில்லை.

கடைசியாக வந்தவர் கண்டக்டர். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். எப்போதும் எங்கள் எல்லோரையும் அதட்டுகிற மனிதர், அன்றைக்குக் குரல் இறங்கியிருந்தது.

"சேர், பிழை என்னோடது. ஸ்டாண்ட்ல ஒரு பொம்பள பின்னால ஓடி வந்தா. பஸ்ஸத் தட்டினா. இடமில்லன்னு நான்தான் மணிய அடிச்சேன். அவ பையா இருக்கும்."

பயணியை விட்டுவிட்டு வந்ததாக ஒரு கண்டக்டர் அதிகாரிகளுக்கு முன்னால் தானாகவே சொல்வது சின்ன விஷயமில்லை. விஷயம் டிப்போவுக்குப் போனால் அவருக்கு வம்புதான். அதிகாரி அவரை நீண்ட நேரம் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"அடுத்த பஸ் எப்ப?"

"அரை மணித்தியாலத்துல வரும் சேர்."

"அது வரைக்கும் நிப்பான். ஆள் வராட்டி, நான் என் வேலையைச் செய்வேன்."

எங்கள் பஸ்ஸும் போகவில்லை. ஓட்டுனர் இறங்கி, எஞ்சின் சூடாகிவிட்டது என்று சொல்லி மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தார். அந்தக் குளிரில் எந்த எஞ்சின் சூடாகும்? அவசரக்காரர்கள் சிலர் அவரைத் திட்டிக்கொண்டே நடந்து போனார்கள். மற்றவர்கள் பாதையோரம் நின்றார்கள். நான் தலையில் கை வைத்தபடி நின்றேன். அரை மணித்தியாலம் என்பது எவ்வளவு நேரம் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அடுத்த பஸ் வளைவில் தெரிந்ததும் அதிகாரி ஒரு வேலை செய்தார். பஸ்ஸில் இருக்கிற பெண்கள் எல்லோரும் வலது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்ட வேண்டும் என்றார். என்னிடம் திரும்பி, "கையத்தானே பாத்த? இப்ப காட்டு" என்றார்.

இருபது முப்பது கைகள் வெளியே வந்தன. வளையல் போட்ட கை, மருதாணிக் கை, கடலைச் சுருளைப் பிடித்தபடியே நீட்டிய கை. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு கடைசி ஜன்னல் வரை நடந்தேன். தீக்காயம் எந்தக் கையிலும் இல்லை.

மறுபடி முதல் ஜன்னலுக்குத் திரும்பினேன். அப்போது பின் வாசலில், நெருக்கிக்கொண்டு நின்ற ஆட்களுக்கு நடுவிலிருந்து ஒரு பெண் பிதுங்கி வெளியே விழுந்தாள். செருப்பைக் கையில் பிடித்திருந்தாள். இறங்கியதும் பையைப் பார்த்துவிட்டாள். சிப்பாய்கள் நிற்கச் சொல்வதைக் காதில் வாங்காமல் பையை நோக்கி ஓடினாள். இரண்டு பேர் சேர்ந்துதான் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. அவளுடைய மணிக்கட்டைப் பார்த்ததும் நான் "இந்தக் கைதான் சேர்" என்றேன். அன்றைக்கு என் வாயிலிருந்து சத்தமாக வந்த முதல் வசனம் அதுதான்.

உள்ளே என்ன இருக்கிறது என்று அவளைச் சொல்லச் சொன்னார்கள். அவள் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள். வெந்நீர்ப் போத்தல் ஒன்று. கிழித்துத் துவைத்த பழைய சேலைத் துண்டுகள். குழந்தைக்கு ஒரு தொப்பி. இலவம்பஞ்சுத் தலையணை. ஒரு சீப்பு வாழைப்பழம். சொன்னதெல்லாம் அப்படியே இருந்தது. 'டங்' என்று சத்தம் போட்டது வெந்நீர்ப் போத்தலின் தகர உறை.

பல்லேகமப் பக்கம் வயல் செய்கிற பெண் அவள். மகள் மாத்தளை ஆஸ்பத்திரியில் முதல் பிரசவத்துக்காக இருக்கிறாள். இருட்டோடு புறப்பட்டு மலை இறங்கி வந்திருக்கிறாள். நடந்ததெல்லாம் தெரியாமல் அவள் முதலில் என்னைத்தான் திட்டினாள்.

"நான் ஏறல்லன்னு தெரிஞ்சா பைய ஜன்னல் வழியா வெளிய போட வேண்டியதுதானே, மல்லி? தூக்கிக்கிட்டா போறது?"

நான் தலையில் இருந்த கையை இன்னும் எடுக்கவில்லை. டீச்சர்தான் அவளைத் தனியே கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னார். அவள் ஜீப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு பையிலிருந்து வாழைப்பழச் சீப்பை எடுத்து, ஒரு பழத்தைப் பிய்த்து என்னிடம் நீட்டினாள். கையைத் தலையிலிருந்து இறக்கிக்கொள்ள அதுதான் எனக்குக் காரணம். அடுத்து டீச்சருக்கு, நானாவுக்கு, கண்டக்டருக்கு. அதிகாரிக்கும் ஒன்றை நீட்டினாள். அவர் கொஞ்சம் யோசித்து, வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அட்டையைத் திருப்பித் தரும்போது, "இனிமேலாவது ஆக்களோட முகத்தப் பாரு" என்றார்.

பஸ் புறப்பட்ட பிறகு டீச்சர் குனிந்து கேட்டார். "தம்பி, உங்க பேர் என்ன?" சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை, என் குரல் அப்படி. மறுபடி சொன்னேன். அவர் பின்னால் திரும்பி நானாவுக்குச் சொன்னார். நானா தன் பக்கத்தில் இருந்தவருக்குச் சொன்னார். அப்படியே பெயர் கடைசி இருக்கை வரை போய்ச் சேர்ந்தது.

கடைக்குப் போகும்போது வெயில் ஏறிவிட்டது. "எங்க போன நீங்க? கராம்பு காயப் போட ஆளில்ல" என்று முதலாளி ஆரம்பித்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் தானே உள்ளே போய்ச் சீனி கூடப் போட்டு ஒரு தேத்தண்ணீர் கொண்டுவந்து தந்தார். அன்றைக்குக் கராம்பு வாசனை எனக்குப் பிடித்தமாதிரி வேறு எந்த நாளும் பிடித்ததில்லை.

அம்மாவுக்குச் சொல்ல நான் நினைக்கவில்லை. ஆனால் தோட்டத்தில் செய்தி எனக்கு முன்னாலேயே வந்துவிட்டிருந்தது.

"இனிமே எவ பையையும் தொடாத. கையக் கட்டிக்கிட்டு ஒக்காரு. செத்தாலும் நீட்டாத."

மறுநாள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். டீச்சர் ஏறினார். என் கையைப் பார்த்தார். பையைத் தோளிலேயே வைத்துக்கொண்டார். அடுத்து நானா ஏறினார்.

"மகன், பயமா?"

"அம்மா வேணாம்னு சொல்லிட்டாங்க நானா."

"அம்மா செல்லியா? அப்ப கேக்கத்தான் வேணும்."

சொல்லிவிட்டு அவர் இரண்டு கையாலும் கூடையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டார். கம்பியைப் பிடிக்க அவருக்குக் கை இல்லை. பஸ் வளைவில் சாய்ந்தது. நானா சாய்ந்தார், டீச்சர் அவருடைய முழங்கையைப் பிடித்தார், கூடை சரியாக என் தலைக்கு மேலே வந்து ஆடியது. அடுத்த வளைவில் இன்னும் கொஞ்சம் ஆடியது. நண்பரே, நான் என்ன பெரிய மனத்தோடு கையை நீட்டினேன் என்று நினைக்க வேண்டாம். அம்மாவின் சொல் ஒரு பக்கம், தலையில் அறுபது முட்டை ஒரு பக்கம். கைகள் தானாகவே போய்விட்டன. கூடை மடிக்கு வந்ததும் டீச்சரின் பையும் வந்தது. அதற்குப் பின்னால் மற்றவர்களுடையதும்.

ஆனால் கண்டக்டர் ஒரு புதுச் சட்டம் போட்டார். ஜன்னல் வழியாக ஒன்றும் கொடுக்கக் கூடாது. பை கொடுப்பவர் பெயரைச் சொல்லிக் கொடுக்க வேண்டும், வாங்குபவரும் பெயரைச் சொல்லி வாங்க வேண்டும். முதல் வாரம் எல்லோருக்கும் சிரிப்பு. கல்யாண வீட்டில் மொய் கொடுப்பது போல ஒவ்வொருவரும் பெயர் சொன்னார்கள். போகப் போகப் பெயரோடு ஊரும், ஊரோடு பிள்ளைகள் எத்தனை என்பதும் வந்தது. யாருக்குக் காய்ச்சல், யார் மகன் வெளிநாடு போனான் என்றெல்லாம் பை மாறும்போதே தெரிந்துவிடும். நானும் பதில் சொல்லப் பழகினேன். முகத்தைப் பார்க்கவும் பழகினேன். பேசத் தெரியாத ஒருவனுக்குத் தினம் ஒரு மணித்தியாலம் இலவசமாகப் பாடம் நடத்தியது அந்த பஸ்தான்.

மூன்று நான்கு மாதம் கழித்து, ஒரு பின்னேரம் மாத்தளை ஸ்டாண்டில் திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். பல்லேகமப் பெண் ஏறினாள். பின்னால் அவளுடைய மகள், கையில் குழந்தை. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுவிட்டு வருகிறார்கள். இருக்கை இல்லை. நான் எழும்பப் போனேன். அவள் என் தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டு, மகளின் கையிலிருந்து குழந்தையை வாங்கினாள்.

"பேரச் சொல்லிட்டுக் குடுங்க" என்று கண்டக்டர் முன்னாலிருந்து கத்தினார்.

அவள் குழந்தையின் பெயரைச் சொன்னாள். சொல்லிவிட்டு அதை என் மடியில் வைத்தாள். நானும் முறைப்படி என் பெயரைச் சொல்லி வாங்கிக்கொண்டேன். "முட்டைய விடப் பாரம் கொறவுதான் மகன், ஆனா ஒடஞ்சா நாங்க பொறுப்பில்ல" என்றார் நானா. வளைவில் ஆர்மிக்காரர்கள் உள்ளே வந்து பார்த்தார்கள். குழந்தையோடு இருப்பவன் இறங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பஸ் முழுவதும் காலியாக, நானும் அந்தக் குழந்தையும் மட்டும் உள்ளே இருந்தோம். அது தூங்கிக்கொண்டிருந்தது. ரத்தோட்டை வருவதற்குள் என் காற்சட்டை இரண்டு தடவை நனைந்தது. நான் அசையவில்லை.

எனக்குக் கிடைத்ததைப் பற்றி வேறென்ன சொல்ல? மடியில் பை வைத்திருந்ததற்கு ஒருவர் தன் பேரக்குழந்தையைத் தந்தார்.

பிறகு கண்டக்டருக்கு வேறு டிப்போவுக்கு மாற்றம் வந்தது. புதிதாக வந்தவருக்குப் பெயர் சொல்கிற சட்டம் விளங்கவில்லை, கொஞ்ச நாளில் அது தானாக நின்றுவிட்டது. டீச்சர் ஓய்வு பெற்று மகனோடு தூரத்துக்குப் போய்விட்டார். நானாவின் கூடைக்குப் பதிலாக இப்போது லொறியில் முட்டை வருகிறது, அவரும் இல்லை. சனம் மோட்டார் சைக்கிளுக்கும் திரீவீலருக்கும் மாறிவிட்டது. பஸ்ஸில் வருகிற பிள்ளைகள் பையை முதுகிலேயே சுமந்துகொண்டு, காதில் எதையோ மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. யார் மடியையும் நம்ப வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை.

சண்டை முடிந்த பிறகு சாவடியையும் எடுத்துவிட்டார்கள். மண் மூட்டைகள் கொஞ்ச நாள் கிழிந்து கிடந்தன, பிறகு புல் மூடியது. ஆனால் பல வருடங்களுக்கு, அந்த வளைவு வரும்போதெல்லாம் என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய் அட்டையைத் தடவிப் பார்க்கும். பேச்சு நின்றுவிடும். பஸ் தாண்டிய பிறகுதான் மூச்சு வரும்.

போன வருடம் ஒரு நாள் மாத்தளை ஸ்டாண்டில் இறங்கி, தேத்தண்ணீர்க் கடைப் பக்கம் நடக்கும்போது திடீரென்று நின்றுவிட்டேன். அந்த வளைவை நான் பார்க்கவே இல்லை. பஸ் அதை எப்போது தாண்டியது என்றே தெரியவில்லை. ரத்தோட்டையில் ஏறியதிலிருந்து, பக்கத்து இருக்கையில் இருந்த, முன்பின் தெரியாத ஒருவரோடு பேசிக்கொண்டே வந்திருக்கிறேன். என்ன பேசினோம் என்று யோசித்துப் பார்த்தேன். மழை, மிளகு விலை, அவருடைய மகளின் கல்யாணம். அப்படி ஏதோ.